பந்தி வஞ்சனை

குஜராத்தில் தலைக்கு 70 ரூபாய். உத்தரப்பிரதேசத்தில் தலைக்கு 22 ரூபாய். தமிழ்நாட்டில் தலைக்கு 3 ரூபாய்கூட முழுசாக வரவில்லை.

மேடையில் கைதட்டு வாங்குவதற்காக ஊதிப் பெருக்கிய கணக்கில்லை இது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் சமயத்தில் நாடெங்கும் பேசப்பட்ட கணக்கு. மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டத்தில் விளையாட்டுக் கட்டமைப்புக்காக உத்தரப்பிரதேசத்துக்குச் சுமார் 438 கோடி ரூபாய், குஜராத்துக்குச் சுமார் 426 கோடி, தமிழ்நாட்டுக்குச் சுமார் 20 கோடி. இதை 2011 மக்கள்தொகைக் கணக்கால் வகுத்துப் பாருங்கள். குஜராத்தில் 6 கோடிப் பேர், இங்கே 7 கோடியே 20 லட்சம் பேர். எட்டாம் வகுப்புப் பையன் நோட்டுப் புத்தகத்தின் ஓரத்திலேயே போட்டுவிடுவான்.

சரி, பதக்கத்தைப் பார்த்துக் கொடுத்தார்களோ என்றால் அதுவும் இல்லை. பாரிஸில் இந்தியா வாங்கியது 6 பதக்கம். ஹாக்கி அணியின் வெண்கலத்தை ஒதுக்கினால் மீதி 5. அதில் 4 பதக்கங்களில் ஹரியானாவின் கை இருந்தது: நீரஜ் சோப்ரா, மனு பாக்கர், சரப்ஜோத் சிங், அமன் செராவத். அந்த ஹரியானாவுக்குப் போனது சுமார் 67 கோடி. மக்கள்தொகையும் அளவுகோல் இல்லை, பதக்கமும் இல்லை. பிறகு எதை அளந்து இதை ஊற்றினீர்கள் ஐயாமாரே?

கேட்டால் டெல்லியிலிருந்து வரும் பதில் எங்களுக்கு மனப்பாடம். விளையாட்டு மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மாநிலங்கள் அனுப்பும் முன்மொழிவு, அதன் சாத்தியப்பாடு, கையில் உள்ள நிதி ஆகியவற்றைப் பார்த்து ஒதுக்குகிறோம். மாநிலப் பட்டியல் 33ஆம் இனத்தில் விளையாட்டு இருப்பது உண்மைதான். ஆனால் பணப்பெட்டி உங்களிடம். 2021 முதல் 2026 வரை ஐந்து ஆண்டுக்குக் கேலோ இந்தியாவுக்கு நீங்கள் ஒதுக்கியது 3,165 கோடி ரூபாய். அது இந்த நாட்டின் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான பணம். பொறுப்பு என்று வரும்போது மாநிலம், பெட்டியைத் திறக்கும்போது மட்டும் நீங்களா?

வரிப் பங்கீட்டில்கூட எங்களுக்கு மனத்தாங்கல் உண்டு. ஆனாலும் அங்கே சண்டை போடவாவது ஒரு சூத்திரம் இருக்கிறது. 15ஆவது நிதிக்குழு வருமான இடைவெளிக்கு 45 சதவீதம், மக்கள்தொகைக்கு 15, பரப்பளவுக்கு 15, மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுக்கு 12.5, காடுகளுக்கு 10, வரி முயற்சிக்கு 2.5 என்று எழுதிக் கையில் கொடுத்தது. அந்த 45 தவறு, அந்த 15 தவறு என்று நாம் வாதாடலாம். விளையாட்டுப் பணத்தில் வாதாட ஒரு எண்கூடக் கிடையாது. சூத்திரம் இல்லாத இடத்தில் செல்வாக்குதான் சூத்திரம். 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்கு. 2036 ஒலிம்பிக் ஆசையும் அதே ஊருக்கு. பெரிய போட்டி வரும் ஊருக்குக் கட்டடம் வேண்டும் என்பார்கள், கட்டடம் இருக்கும் ஊருக்குப் பெரிய போட்டி வேண்டும் என்பார்கள். இந்தச் சுற்றுக்குள் ஒருமுறை நுழைந்த ஊர் வெளியே வராது. வெளியே நிற்கிற ஊர் உள்ளே போகவும் முடியாது.

மேரி கோமையும் மீராபாய் சானுவையும் தந்த மணிப்பூருக்கு, மலையேறிப் பள்ளிக்கூடம் போகிற அருணாசலத்துப் பிள்ளைக்கு, தலைக்கணக்கை மீறிக் கூடுதலாகக் கொடுங்கள். நாங்கள் ஒரு வார்த்தை பேச மாட்டோம். இல்லாதவனுக்குக் கூடுதல் போவதுதான் நியாயம். இருக்கிறவனுக்கே மேலும் மேலும் போவதுதான் வயிற்றெரிச்சல்.

இதுவரை நான் சொன்னதற்குச் சென்னையில் எல்லா மேடையிலும் கைதட்டு விழும். இனிச் சொல்வதற்கு விழுமா என்று தெரியாது. டெல்லியைப் பார்த்து நாம் கேட்கும் இதே கேள்வியை, நான் கோட்டையைப் பார்த்தும் கேட்க வேண்டியிருக்கிறது. தென்கோடியில், மானாவாரிக் காடும் கருவேலமும் சூழ்ந்த ஊர் ஒன்றில் உடற்கல்வி ஆசிரியனாக இருந்தவன் நான். எங்களுக்குக் கோட்டையும் தூரம்தான்.

1995இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டி சென்னைக்கு வந்தது. அதற்காக நேரு உள்ளரங்கமும் வேளச்சேரி நீச்சல் வளாகமும் எழுந்தன. நுங்கம்பாக்கத்தில் டென்னிஸ் அரங்கம், எழும்பூரில் ஹாக்கி அரங்கம், பெரியமேட்டில் பெரிய விளையாட்டரங்கம். ஒவ்வொரு பெரிய போட்டி வரும்போதும் இவற்றுக்கே மறுபடி வெள்ளையடிப்பு, மறுபடி புதுப் புல், மறுபடி புது விளக்கு. 2022இல் மாமல்லபுரத்துச் செஸ் ஒலிம்பியாட்டுக்கு 90 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கினார்கள். 2023இல் எழும்பூரில் ஆசிய ஹாக்கி. 2024இல் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரைக் கிலோமீட்டர் சாலையில் பார்முலா 4 கார்கள் இரவு வெளிச்சத்தில் பறந்தன.

செஸ் ஒலிம்பியாட் நமக்குப் பெருமைதான். குகேஷ் உலகச் சாம்பியன் ஆனபோது எங்கள் ஊர் டீக்கடையிலும் இனிப்புக் கொடுத்தார்கள். பொறாமையில் பேசவில்லை. ஆனால் சட்டமன்றத் தொகுதிக்கு ஒன்றாகச் சிறு விளையாட்டரங்கம் கட்ட அரசே சொன்ன தொகை 3 கோடி ரூபாய். ஒரே பதினான்கு நாள் போட்டிக்கு ஒதுக்கிய பணத்தில் அப்படி 30 அரங்கம் எழும்பும். செஸ் ஒலிம்பியாட் நான்கே மாதத்தில் ஏற்பாடாகி நடந்து முடிந்தது, உலகமே மெச்சியது. அந்த வேகம் எங்கள் தொகுதி என்று வரும்போது எங்கே போய் ஒளிந்துகொள்கிறது? நிதி ஒப்புதல், இடத் தேர்வு, ஒப்பந்தப்புள்ளி, மறு ஒப்பந்தப்புள்ளி என்று பிள்ளை ஆறாம் வகுப்பில் கேட்ட மைதானத்துக்கு அவன் கல்லூரியை விட்டு வெளியே வரும்போதுதான் அளவுக்கல் நடப்படுகிறது.

அதே சமயம் ஓடுகிற கால்கள் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கின் தடகள அணிக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஐந்து பேர் போனார்கள். ரேவதி வீரமணி மதுரையை அடுத்த சக்கிமங்கலம். நாகநாதன் பாண்டி ராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமம். ஆரோக்கிய ராஜீவ், சுபா வெங்கடேசன், தனலட்சுமி மூவரும் திருச்சிப் பக்கம். ஐவரில் ஒருவர்கூடச் சென்னை இல்லை. ரேவதி ஆரம்ப காலத்தில் செருப்பில்லாமல் ஓடியவர். அப்பா, அம்மா இல்லாத பெண்ணைக் கூலி வேலை செய்து ஆளாக்கியவர் பாட்டி. ஆரோக்கிய ராஜீவ் ராணுவத்தில், நாகநாதன் காவல்துறையில். எங்கள் பிள்ளைகள் பலரை இப்படித்தான் ராணுவமும் காவல்துறையும் ரயில்வேயும் கைதூக்கி விட்டிருக்கின்றன. வயிற்றுப்பாட்டுக்கு ஒரு சீருடை கிடைத்தது, சீருடையோடு ஸ்பைக்ஸ் ஷூவும் கிடைத்தது. விளையாட்டு மானியம் என்று நீங்கள் எழுதி வைத்திருக்கும் பணம் அவர்களது பதினான்கு வயதில் எங்கே இருந்தது?

பதினான்கு வயதில் எங்கள் பிள்ளையின் நிலைமை என்ன என்று சொல்கிறேன். குறுவட்டப் போட்டியில் ஜெயிப்பான். வருவாய் மாவட்டப் போட்டியில் ஜெயிப்பான். மாநிலப் போட்டிக்குப் பெயர் வரும். அன்றைக்குத்தான் அவன் முதன்முதலில் சிந்தெடிக் டிராக்கில் கால் வைப்பான். மழை பெய்தால் முழங்கால்வரை ஒட்டும் கரிசல் மண்ணில் ஓடிப் பழகியவன், அந்தச் சிவப்பு ரப்பரைக் குனிந்து தொட்டுப் பார்ப்பான். கபடிப் பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். ஊரில் மண் தரை. தேர்வு நடப்பது 'மேட்' விரிப்பில். மண்ணில் பிடி பழகிய கால் விரிப்பில் வழுக்கும், முட்டி உரியும். அவர்கள் தெம்பில் தோற்பதில்லை, தரையில் தோற்கிறார்கள். தேர்வுக்குழுவோ 'டெக்னிக் போதாது' என்று எழுதிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடும்.

தேர்வு காலை ஆறு மணிக்கு என்பார்கள். நகரத்துப் பிள்ளை வீட்டில் தூங்கி, முட்டையும் பாலும் சாப்பிட்டு, அப்பாவின் வண்டியில் வந்து இறங்குவான். எங்கள் பிள்ளை முந்தின நாள் சாயங்காலம் ஏறி, ராத்திரி முழுக்க நின்றும் உட்கார்ந்தும் வந்து, பேருந்து நிலையத்துக் குழாயில் முகம் கழுவிக்கொண்டு நேராக ஓடுதளத்துக்குப் போவான். இரண்டு பேருக்கும் ஒரே விசில். இதற்குப் பெயர் தகுதித் தேர்வாம். 'சார், கால் மரத்துப் போச்சு சார்' என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுத பிள்ளைகளுக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று அந்தத் தகுதியை வகுத்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பள்ளியில் சொல்லிக் கொடுக்கவாவது ஆள் உண்டா? 2012இல் 16,549 பேரைப் பகுதிநேரச் சிறப்பாசிரியர்களாக எடுத்தார்கள். உடற்கல்வி, ஓவியம், தையல் எல்லாம் அவர்கள் தலையில். வாரத்தில் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம். பத்து வருஷத்துக்கு மேல் போராடி அது 12,500 ரூபாய் ஆனது; நிரந்தரம் மட்டும் அப்போதும் ஆகவில்லை. அரை நாள் வாத்தியார் முழு வீரனை உருவாக்க வேண்டுமாம். நகரத்துத் தனியார் பள்ளிக்கு விளையாட்டுக்கு ஒருவராகப் பயிற்சியாளர் இருக்கிறார். இரண்டு பள்ளிகளும் ஒரே போட்டியில் மோதுகின்றன.

பொருள் கொடுக்கவில்லையா என்பீர்கள். கொடுத்தீர்கள். 12,525 ஊராட்சிகளுக்கும் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு என்று அறிவித்தீர்கள். பட்டியலில் எங்கள் ஊர் பெயரும் இருந்தது, பெட்டியும் வந்தது. மனசாரச் சொல்கிறேன், நல்ல காரியம். ஆனால் பந்து வந்த ஊரில் அதை உதைக்க இடமில்லை. புறம்போக்கை ஆக்கிரமித்தவர் நீதிமன்றத்தில் தடை வாங்கியிருக்கிறார். மிச்ச நிலத்தில் சீமைக் கருவேலம். வருஷா வருஷம் பிள்ளைகளையும் பெற்றோரையும் கூட்டி வெட்டுவோம். அடுத்த மழைக்கு மறுபடி முளைக்கும். மைதானம் ஒரு துறை, நிலம் ஒரு துறை, வாத்தியார் ஒரு துறை, பந்து ஒரு துறை. நான்கும் ஒரே இடத்தில் சேர்வது நகரத்தில் மட்டும்தான்.

எழுதிக் கேட்டால் கொடுப்போம் என்பதுதான் கடைசிப் பதில். நாங்களும் எழுதினோம். நிலம் துறையின் பெயரில் பட்டாவாக இருக்க வேண்டும். விரிவான திட்ட அறிக்கை வேண்டும், அதைப் பொறியாளர் தயாரித்துக் கையெழுத்திட வேண்டும். மதிப்பீடு, வரைபடம், மண் பரிசோதனை, பராமரிப்புக்கு யார் பொறுப்பு என்ற உறுதிமொழி. எல்லாம் ஆங்கிலத்தில். முன்பு வாங்கிய தொகைக்குச் செலவுச் சான்று தந்தால்தான் அடுத்தது. முன்பு எதுவுமே வாங்காதவன் எந்தச் சான்றைத் தருவான்? இதைக் கேட்டபோது ஓர் அலுவலகத்தில் இருந்தவர் சிரித்தார். 'சார், நல்லா எழுதத் தெரிஞ்ச ஆளு ஒருத்தரப் பிடிங்க. சென்னையில இதுக்குன்னே கன்சல்டன்ட் இருக்காங்க' என்றார். கெட்ட மனிதரில்லை, உள்ளதைச் சொன்னார். மைதானம் இல்லாததால் கேட்கிறோம். கேட்கத் தெரியாததால் மைதானம் இல்லை.

ஒரே பந்தியில் உட்கார வைத்து, தெரிந்த முகத்துக்கு மூன்று கரண்டி, கடைசி இலைக்கு ரசத்தில் தண்ணீர் கலந்து ஊற்றினால் ஊர் அதைப் பந்தி வஞ்சனை என்று காறித் துப்பும். கல்யாண வீட்டில் பாவம் என்கிறோம். கஜானாவில் மட்டும் அதற்கு நிர்வாக நடைமுறை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

விளையாட்டோடு நிற்கவில்லை, கலையிலும் இதே கதை. என் சித்தப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, நையாண்டி மேளத்தில் தவில் வாசிக்கிறவர். பங்குனி, சித்திரை, வைகாசி வந்தால் தூக்கமில்லை. ஆடியிலும் ஓரளவு கோயில் கொடை உண்டு. மீதி மாதங்களில் செங்கல் சூளை, கட்டட வேலை. மத்தியக் கலாசார அமைச்சகம் குருவுக்கும் சீடர்களுக்கும் மாத உதவித்தொகை தருகிறதாமே என்று யாரோ சொல்ல, விசாரித்தோம். குழு, சங்கமாகப் பதிவாகியிருக்க வேண்டும். தணிக்கை செய்த வரவு செலவு வேண்டும். இணையத்தில் பதிந்து எண் வாங்க வேண்டும். பத்திரிகையில் வந்த விமர்சனம், நிகழ்ச்சி அழைப்பிதழ் எல்லாம் இணைக்க வேண்டும். அண்ணன் என்னைப் பார்த்தார். 'தம்பி, நாம வாசிக்கிறது அம்மன் கோயில் வாசல்ல. வெடிய வெடிய ஆடி முடிச்சா பேசின பணத்துல பாதியக் குறைப்பாங்க. இதுல விமர்சனம் எவன்டா எழுதுவான்?' என்றார்.

சென்னையில் ஒரு சபாவில் ஒன்றரை மணி நேரம் பாடினால் அடுத்த வாரம் பத்திரிகையில் நாலு பத்தி வரும். அந்த நாலு பத்தி அடுத்த விண்ணப்பத்துக்கு இணைப்பு. அந்த விண்ணப்பம் அடுத்த விருதுக்கு ஏணி. எங்கள் அண்ணன் ஏழு மணி நேரம் வாசித்ததற்குச் சாட்சி விடிந்த வானமும் வீங்கிய விரலும்தான். அவற்றை எந்தக் கட்டத்தில் ஒட்டுவது?

மாநில அரசு கலைமாமணி தருகிறது. பொற்பதக்கம், பெரிய மேடை, முதல்வர் கை. மாவட்டக் கலை மன்றங்கள் வழியே கலை இளமணி, கலை வளர்மணி, கலைச் சுடர்மணி, கலை நன்மணி, கலை முதுமணி என்று வயது வாரியாகத் தருவதும் உண்டு. 4,000 ரூபாயில் தொடங்கி 20,000 ரூபாயில் முடியும் அது. வாழ்நாள் முழுக்க வாசித்துக் கலை முதுமணி ஆன மனிதருக்கு வரும் 20,000 ரூபாயில் ஒரு தவிலை வார் பிடித்துப் புதுப்பிக்கலாம், மிச்சத்தில் வட்டி கட்டலாம். நலிந்த கலைஞருக்கு மாதம் 3,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. அதற்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும்போதே போய்ச் சேர்ந்தவர்களை எங்கள் பக்கம் ஊருக்கு ஒருவராவது சொல்வார்கள்.

கற்றுக் கொடுக்கும் இடமாவது? மாநிலத்தில் 38 மாவட்டம். அரசு இசைப்பள்ளி 17. அரசு இசைக் கல்லூரி சென்னை, கோவை, மதுரை, திருவையாறு என்று 4. இரண்டையும் கூட்டினாலே 21தான். மீதி மாவட்டத்துப் பிள்ளை நாகஸ்வரம் கற்க வேண்டுமென்றால் வேறு மாவட்டத்துக்குப் போக வேண்டும், இல்லையென்றால் சீவாளியை உறையில் போட்டுவிட்டுத் திருப்பூருக்குப் பஸ் ஏற வேண்டும். பெரும்பாலானவர்கள் பஸ் ஏறிவிடுகிறார்கள். பிறகு நாட்டுப்புறக் கலை அழிகிறது என்று நகரத்தில் கருத்தரங்கம் நடக்கும். அந்தக் கருத்தரங்குக்கு மானியம் கிடைத்துவிடும்.

அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ வந்தபோது பறையைத் தீட்டு என்று ஒதுக்கிய ஊர்களும் நிமிர்ந்து பார்த்தன. கண் கலங்கிய நாள் அது. ஆனால் விருது என்பது பாதி வாழ்க்கை தாண்டி வருகிற மரியாதை. இன்றைக்கு அந்தப் பறையைக் கையில் எடுக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் தங்கம் தாண்டிய மறுநாள் தமிழ்நாடு அரசு 2 கோடி ரூபாய் அறிவித்தது. தகுதியான பரிசு. ஆனால் சேலம் பெரியவடகம்பட்டியில் அம்மா காய்கறி விற்று வளர்த்த அந்தப் பிள்ளை, 1.89 மீட்டர் தாண்டுவதற்கு வேண்டிய சத்துணவை எப்போது சாப்பிட்டிருக்க வேண்டும்? தங்கம் வாங்கிய பிறகா? ஜெயித்தவனுக்குத் தருவது பரிசு. ஜெயிக்க வேண்டியவனுக்குத் தருவதுதான் மானியம். முதலாவதைக் கேமரா முன்னால் தருகிறீர்கள். இரண்டாவதைத் தர உங்களுக்குக் கேமரா கிடைக்காது என்பதால்தானோ எங்களுக்கு வந்து சேர்வதே இல்லை?

'சென்னையில் ஜனம் அதிகம், ஹோட்டல் இருக்கிறது, விமான நிலையம் இருக்கிறது, பெரிய போட்டியைக் குக்கிராமத்திலா நடத்துவது?' என்று கேட்பவர்களுக்கு ஒடிசாவைக் காட்டுகிறேன். 2023 உலகக் கோப்பை ஹாக்கியை அவர்கள் புவனேசுவரத்தோடு முடித்திருக்கலாம். அங்கே கலிங்கா அரங்கம் தயாராக இருந்தது. ஆனால் சுந்தர்கர் மாவட்டத்து ரூர்கேலாவில் 20,000 பேர் உட்காரும் பிர்சா முண்டா அரங்கத்தைக் கட்டினார்கள். ஏன் ரூர்கேலா? திலீப் திர்க்கி பிறந்தது அந்த மாவட்டம். அமித் ரோஹிதாஸ் பிறந்தது அந்த மாவட்டம். மூங்கில் மட்டையோடு ஆதிவாசிப் பிள்ளைகள் ஹாக்கி ஆடுகிற மண் அது. விளையாடுகிறவன் ஊருக்கு மைதானம் போனது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம்ம கோவில்பட்டியைப் பாருங்கள். கடலைமிட்டாய் ஊர் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது தலைமுறை தலைமுறையாக ஹாக்கி ஊர். அங்கே அரசு ஒரு செயற்கைப் புல் மைதானம் போட்டது, ஒரு விடுதி வைத்தது. அந்த விடுதியிலிருந்து கார்த்தி செல்வமும் மாரீஸ்வரன் சக்திவேலும் 2022 ஆசியக் கோப்பைக்கு இந்திய அணிச் சட்டையோடு போய் வெண்கலத்தோடு வந்தார்கள். ஒரே ஒரு சிறு நகரத்தில் சரியான இடத்தில் போட்ட பணம் செய்த வேலை இது. அப்படியென்றால் மற்றப் பணமெல்லாம் தவறான இடத்தில் விழுகிறது என்றுதானே பொருள்? 2025இல் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையோடு நிற்காமல் மதுரைக்கும் வந்தது. நன்றி, மெய்யாகவே நன்றி. மதுரைக்குத் தெற்கேயும் தமிழ்நாடு இருக்கிறது என்பதை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்.

இந்த வஞ்சனை சென்னைக்கும் வெளியூருக்கும் நடுவே மட்டும் நடக்கிறது என்று சொல்லி எங்கள் ஊரைத் தப்பிக்க விட மாட்டேன். சென்னைக்குள்ளேயே கண்ணகி நகர் இருக்கிறது. நகரின் நடுவே குடிசை போட்டிருந்தவர்களைப் பெயர்த்துக் கொண்டுபோய்க் கடைக்கோடியில் குவித்த அந்த நகரிலிருந்து கார்த்திகா என்ற பெண் 2025இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் கபடித் தங்கம் வாங்கி வந்தாள். அவளும் தீவுத்திடலின் பந்தயச் சாலையும் ஒரே மாநகரத்தில்தான் இருக்கின்றன. மாவட்டத்துக்கு வரும் காசு மாவட்டத் தலைநகரோடு நிற்கிறது. ஒன்றியத்துக்கு வரும் காசு ஒன்றிய அலுவலகம் இருக்கும் ஊரோடு நிற்கிறது. ஊருக்கு வரும் பந்து ஊர்த்தெருவோடு நிற்கிறது. காலனிப் பிள்ளை பொதுத் திடலில் கால் வைத்தால் முறைக்கிற கண்கள் எங்கள் ஊரில் இன்றும் உண்டு. வயதுக்கு வந்த பெண் அரைக்கால் சட்டை போட்டு ஓடினால் அதற்கு ஒரு பஞ்சாயத்து. மேலே இருப்பவன் எனக்குச் செய்வதை நான் எனக்குக் கீழே இருப்பவனுக்குச் செய்கிறேன். டெல்லி சென்னைக்கு, சென்னை மாவட்டத்துக்கு, மாவட்டம் கிராமத்துக்கு, கிராமம் சேரிக்கு. ஒவ்வொருவனும் தன் கண்ணீரை மட்டும் ஊருக்குக் காட்டி, தன் கரண்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்கிறான்.

ஆகவே டெல்லியிடம் நியாயம் கேட்கும் தகுதி நமக்கு முழுசாக வர வேண்டுமென்றால், அதை முதலில் இங்கே செய்து காட்டுங்கள். எங்களுக்கு இரக்கம் வேண்டாம், கணக்கு வேண்டும். விளையாட்டுக்கும் கலைக்கும் இந்த அரசு செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் எந்த மாவட்டத்தில், எந்த ஒன்றியத்தில், எந்த ஊரில் விழுந்தது என்று ஆண்டுதோறும் பட்டியல் போடுங்கள். நிதிக்குழு வரிக்குச் செய்வதுபோல் இதற்கும் ஒரு சூத்திரம் எழுதுங்கள். மக்கள்தொகைக்கு ஒரு பங்கு, இதுவரை கிடைக்காமல் போனதற்கு அதைவிடப் பெரிய பங்கு, எங்கிருந்து வீரர்களும் கலைஞர்களும் வருகிறார்களோ அந்த மண்ணுக்கு ஒரு பங்கு. விண்ணப்பம் எழுத மாவட்டத்துக்கு ஒரு பொறியாளரையும் ஒரு கணக்கரையும் உட்கார வையுங்கள். அவர்கள் ஊருக்கு வரட்டும், நாங்கள் அவர்களைத் தேடி அலைய வேண்டாம். தமிழில் படிவம் கொடுங்கள். வெளியூர்ப் பிள்ளையை முந்தின நாளே வரவழைத்து, படுக்க இடமும் ராத்திரிச் சாப்பாடும் தந்து, அதற்குப் பிறகு விசில் ஊதுங்கள். கபடித் தேர்வை 'மேட்' விரிப்பில் வைப்பதென்றால் ஒன்றியத்துக்கு ஒரு மேட் வாங்கிக் கொடுத்துவிட்டு வையுங்கள். அண்ணன் வாசித்த கோயிலின் நாட்டாமை கொடுக்கும் கையெழுத்தையும் நிகழ்ச்சிச் சான்றாக ஏற்றுக்கொள்ளுங்கள். நாலு பத்தி விமர்சனத்தைவிட அது ஒன்றும் குறைந்ததில்லை.

இவற்றில் ஒன்றுகூட வானத்தை வில்லாக வளைக்கிற வேலையில்லை. ஓர் அரசாணை, ஓர் இணையப் பக்கம், கொஞ்சம் வெட்கம் இருந்தால் போதும். இந்த ஆண்டு பட்டியலில் எங்கள் ஒன்றியத்துக்கு நேரே பூஜ்யம் என்று வந்தாலும் பரவாயில்லை, வெளியிடுங்கள். அந்தப் பூஜ்யத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் நாங்கள் அடுத்த சண்டையைத் தொடங்க வேண்டும். அதுவரை பிள்ளைகள் ஜெயித்து வரும்போது விமான நிலையத்தில் மாலையோடு நிற்காதீர்கள். அந்த மாலைக்கான செலவையும் பட்டியலில் காட்டுங்கள்.